மாம் டோர் மலைக்குப் போகிறவர்கள் கேட்டவை

போன இதழில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் இருக்கும் மாம் டோர் என்ற மலையைப் பற்றி எழுதியிருந்தேன். 517 மீட்டர் உயரம்தான். ஷெஃபீல்டில் 26 வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த மலையடிவாரம் எனக்கு ரயிலில் அரைமணி நேரத் தூரம். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அங்கே நடக்காமல் இருந்ததில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 63 வயது. ஜூன் மாதம் மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறேன். மூட்டுவலி உண்டு. அந்த மலையில் என்னால் ஏற முடியுமா? சேலை கட்டிக்கொண்டு ஏறலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சி

தாராளமாக ஏறலாம் அம்மா. ஆனால் எந்தப் பக்கமிருந்து ஏறுகிறீர்கள் என்பது முக்கியம். ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறினால் உச்சிக்கு நாலு கிலோமீட்டர், ஏற்றமும் நன்றாகவே இருக்கும். உங்களுக்கு அது வேண்டாம். மகளைக் காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மாம் நிக் என்ற இடத்தில், இயற்கை இடங்களையும் பழைய சின்னங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வைத்திருக்கும் கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் ஏற்றம்தான், வழி நெடுகக் கல்படி போட்டிருக்கிறார்கள். நம் கோயில் மலைப்படி போல ஒரே அளவாக இருக்காது. ஒன்று உயரமாக இருக்கும், அடுத்தது தாழ்ந்திருக்கும். நின்று நின்று ஏறினால் அரைமணி நேரம்.

முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். அதனால் ஊன்றிக்கொள்ள ஒரு குச்சியாவது வேண்டும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. செருப்பு வேண்டவே வேண்டாம், மழை பெய்த கல் வழுக்கும். காலணியின் அடிப்பாகத்தில் நல்ல பிடிமானம் இருக்கட்டும்.

சேலையைப் பற்றிக் கேட்டீர்கள். 2014இல் என் அம்மா தன் 67ஆவது வயதில் பருத்திச் சேலையும் கம்பளி ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவுமாக ஏறினார். கீழே காற்றே இல்லை. உச்சிக்குப் போனதும் முந்தானை பாய்மரம் மாதிரி விரிந்துகொண்டது. இடுப்பில் செருகி, ஊக்கு குத்தி, அதற்குமேல் என் மழைக்கோட்டைப் போட்டு விட்டேன். அங்கே காற்று அப்படித்தான். பக்கத்துக் கணவாயின் பெயரே வின்னட்ஸ், அதாவது காற்றின் வாசல். முடிந்தால் சல்வார் போட்டுக்கொள்ளுங்கள். சேலைதான் என்றால் நாலு ஊக்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் என்றாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பையில் இருக்க வேண்டும்.

'மாம்' என்றால் தாய் என்று அங்கே பொருள் சொல்வார்கள். சரிந்து விழும் மண் அடிவாரத்தில் குட்டிக் குட்டி மேடுகளாகக் குவிந்து கிடப்பதால் இது தாய் மலை என்பது ஊர்ப் பேச்சு. இதைச் சொன்னதும் அம்மா, "அப்படியென்றால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகணும்" என்று உச்சியில் நில அளவைக்காக நட்டிருக்கும் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு காற்று மறைந்த பக்கமாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நீங்களும் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். உச்சியில் கடை கிடையாது.

கேள்வி: மலைச்சரிவில் ஒரு நெடுஞ்சாலை உடைந்து கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பணக்கார நாட்டில் ஒரு சாலையைச் சரிசெய்ய முடியாதா? நான் 20 வருடம் சாலைப் பணியில் இருந்தவன். நம்ப முடியவில்லை.
– சிவில் இன்ஜினியர், கோவை

சரிசெய்து பார்த்தார்கள் ஐயா. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக. நீங்கள் அவசியம் நேரில் பார்க்க வேண்டிய இடம் இது.

வின்னட்ஸ் கணவாய்ப் பாதை குதிரை வண்டிகளுக்கு மிகவும் செங்குத்தாக இருந்தது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாம் டோரின் கிழக்குச் சரிவில் வளைத்து வளைத்து ஒரு சாலை போட்டார்கள். பின்னாளில் அதுதான் ஏ625 நெடுஞ்சாலை ஆனது. ஆனால் அவர்கள் சாலை போட்ட இடம் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு நிலச்சரிவு. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சாலை இறங்கும், பிளக்கும். ஜல்லி கொட்டித் தார் ஊற்றி மேடாக்குவார்கள். அந்தக் கனமும் சேர்ந்து மறுபடி இறங்கும். கடைசியில் 1979இல் மூடிவிட்டார்கள்.

காரணம் மலையின் உள்ளேயே இருக்கிறது. மேலே மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. அதற்குக் கீழே ஈடேல் களிப்பாறை. மழைநீர் மணற்பாறை வழியாக இறங்கி, களிப்பாறையில் தேங்கி, அதை ஊறவைக்கிறது. போதாதற்கு அந்தக் களிப்பாறையில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாக மாறிப் பாறையை அரிக்கிறது. சில பகுதிகள் வருடத்துக்கு 25 சென்டிமீட்டர் வரை நகர்வதாக அளந்திருக்கிறார்கள். ஓரத்தில் தடுப்புச்சுவர் கட்டி நிறுத்தக்கூடிய சங்கதி இல்லை. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மலையின் ஒரு பக்கமே வழிந்து இறங்குகிறது. 'நடுங்கும் மலை' என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான்.

இன்று அதில் கார் போகாது, நாம் நடந்து போகலாம். கீழே காசில்டன் கிராமத்துப் பக்கமிருந்து ஏறினால், முதலில் நல்ல சாலையாகத்தான் தெரியும். திடீரென்று நடுவில் போட்ட வெள்ளைக்கோடு அறுந்து நிற்கும். மீதிக் கோடு உங்கள் இடுப்புக்குக் கீழே, வேறு திசையில் சாய்ந்து கிடக்கும். அந்த வெட்டு வாயில் குனிந்து பாருங்கள்: தார், ஜல்லி, தார், ஜல்லி என்று அடுக்கடுக்காக, சில இடங்களில் இரண்டு மீட்டர் கனத்துக்கு. நான் ஒருநாள் ஒரு வெட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு அடுக்கு வரை தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே புல் மறைத்துவிட்டது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு குளிர்காலம் கழித்து வேலையாட்கள் வந்து கொதிக்கும் தாரோடு நின்ற நாள் என்று நினைத்தபோது, எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

கேள்வி: ஷெஃபீல்டில் படிக்க வந்து ஆறு மாதம் ஆகிறது. மலைக்குப் போகும் வழி யாரோ ஒருவரின் பண்ணைக்குள், ஆடு மேயும் வயல் நடுவே போகிறது. நம் நிறத்தைப் பார்த்துவிட்டு யாராவது கேள்வி கேட்பார்களோ என்று தயங்கித் திரும்பிவிட்டேன். அடுத்தவர் நிலத்தில் நடக்கலாமா அக்கா?
– மாணவர், ஷெஃபீல்டு

தம்பி, அடுத்த சனிக்கிழமையே திரும்பப் போங்கள். அந்த வழியில் நடப்பது உங்கள் உரிமை. பண்ணைக்காரர் காட்டும் சலுகை இல்லை. நிலம் அவருடையது, ஆனால் வழி எல்லோருக்கும் பொது. வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுவழி. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். பண்ணைவீட்டு முற்றத்தின் வழியாகவே பாதை போனாலும் போகலாம்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். 26 வருடத்துக்கு முன் நானும் ஒரு வேலிப்படலின் முன்னால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டெர்பிஷயர்க்காரர்தான் எனக்கு இந்த உரிமையின் கதையைச் சொன்னார். மாம் டோர் உச்சியில் வடக்கே பார்த்து நின்றுகொண்டு சொன்னார். எதிரே ஈடேல் பள்ளத்தாக்குக்கு அப்பால் நீளமாக, தட்டையாக, கறுத்துத் தெரியும் மலை கிண்டர் ஸ்கௌட், 636 மீட்டர். அந்தக் காலத்தில் அதன்மேல் கால் வைக்க முடியாது. பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக வளைத்துப்போட்டு, காவலாட்களை நிறுத்தியிருந்தார்கள். வாரம் முழுக்க மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளில் புகையில் நின்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே தெரிந்த மலை, எட்டாத மலை.

1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்ட் கிராமத்துக் கல்குவாரியிலிருந்து சுமார் நானூறு பேர் கிண்டர்மேல் ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், அப்போது அவருக்கு வயது 20. காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஆறு பேரைக் கைது செய்து, ஐந்து பேரை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறையில் போட்டார்கள். ராத்மனுக்கு நாலு மாதம். நடந்ததற்காகச் சிறையா என்று நாட்டில் பலருக்கும் கோபம் வந்தது. சில வாரம் கழித்து, மாம் டோருக்குக் கீழே இருக்கும் அதே வின்னட்ஸ் கணவாயில், பத்தாயிரம் பேர் கூடினார்கள்.

1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகளுக்குமான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது, இந்த மலைகளெல்லாம் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற இதே பகுதியைத்தான். பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டுநிலத்தில் நம் இஷ்டத்துக்கு நடக்கும் உரிமைக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இங்கிலாந்து நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தில்தான். 2002இல், 70ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்கு டெவன்ஷைர் கோமகன் வந்து, அன்று நிலச் சொந்தக்காரராக இருந்த தன் தாத்தா நடந்துகொண்டதற்காக எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் படலைத் திறக்க நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாதையை விட்டு வயலுக்குள் இறங்காதீர்கள். குட்டி போடும் காலத்தில் ஆடுகளை விட்டு ஒதுங்கி நடங்கள். கல்வேலிமேல் ஏறாதீர்கள், சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது அது, ஒரு கல் உருண்டால் மொத்தமும் வரும். படலை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். திறந்து கிடந்த ஒரு படலை, நல்லது செய்வதாக நினைத்து நான் ஒருமுறை மூடிவிட்டேன். பண்ணைக்காரர் தூரத்திலிருந்து நடந்து வந்து, ஆடுகள் தண்ணீருக்குப் போகத் தானே திறந்து வைத்ததாகப் பொறுமையாகச் சொன்னார். திட்டவில்லை. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் கையை உயர்த்துவார்.

கேள்வி: பாம்பு, சிறுத்தை பயம் உண்டா?
– ஒன்பது வயது வாசகர், ஈரோடு

சிறுத்தை இல்லை கண்ணா. ஆடர் என்ற விரியன் வகைப் பாம்பு ஒன்று உண்டு. ஆள் நடக்கும் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் போய்விடும். நான் இத்தனை வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. புதரில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல். கன்றோடு நிற்கும் பசுவின் பக்கமும் போகாதே. குளிர்காலத்தில் கிண்டர் பக்கம் வெள்ளை வெளேரென்று மலைமுயல் ஓடும். கோடையில் அதே முயல் பழுப்பாக இருக்கும்.

கேள்வி: மலையுச்சியில் கோயில், தேவாலயம் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, காரைக்குடி

தேவாலயம் இல்லை. ஆனால் உச்சியில் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் இரண்டு இருக்கின்றன. மலையின் தலையைச் சுற்றி அகழியும் மண்கரையுமாக ஒரு கோட்டை. படியேறிப் போகும்போது ஒரு பெரிய வரப்பைத் தாண்டுவீர்கள், அதுதான் கோட்டைக்கரை. உள்ளே சரிவை வெட்டிச் சமன்படுத்தி வீடு கட்டிய இடங்கள் சிறு சிறு திட்டாக இருக்கும். சாய்வான வெயிலில், மாலை நேரத்தில்தான் அவை கண்ணுக்குப் பிடிபடும். மதியம் போனால் வெறும் புல்லாகத் தெரியும்.

உச்சியிலிருந்து வடகிழக்கே மலைமுகட்டில் நடந்தால் ஹாலின்ஸ் கிராஸ் என்ற தாழ்வான கணவாய் வரும். ஈடேலில் 1633இல் சிற்றாலயம் கட்டும்வரை, அந்த ஊரில் யாராவது இறந்தால் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இந்தக் கணவாயைத் தாண்டித்தான் காசில்டன் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் ஈடேல் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன காசில்டன் பெண்கள் இதே வழியில் தினமும் ஏறி இறங்கினார்கள். நாம் விடுமுறைக்கு நடக்கும் ஏற்றத்தை அவர்கள் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் நடந்திருப்பார்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வருகிறது.

கேள்வி: கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது காகித வரைபடம் வாங்கச் சொல்கிறீர்களே, எதற்கு?
– வாசகர், லண்டன்

ஒரு நவம்பர் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காரைக் காசில்டனில் விட்டுவிட்டுத் தனியாக ஏறினேன். உச்சியில் இருக்கும்போதே மூடுபனி இறங்கியது. முன்னால் நீட்டிய கைக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. கைப்பேசி குளிரில் அணைந்துவிட்டது. முகட்டுப் பாதையில் கல் பாவியிருப்பதால் ஹாலின்ஸ் கிராஸ் வரை வந்துவிட்டேன். அங்கே பல பாதைகள் பிரிகின்றன. வலப்பக்கம் இறங்க வேண்டியவள், பனிக்கு முதுகைத் திருப்பி நின்று கையுறை மாட்டிய அந்த ஒரு நிமிடத்தில் திசை தவறி, மறுபக்கம் இறங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டது ரயில் சத்தம். காசில்டனில் ரயிலே கிடையாது. நான் ஈடேலில் நின்றுகொண்டிருந்தேன். மணி நாலு, இருட்டிவிட்டது. ரயில் பிடித்து அடுத்த நிலையமான ஹோப்பில் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் சாலையோரமாகக் காசில்டன் வரை நடந்தேன்.

அன்றிலிருந்து பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்1 என்ற இந்தப் பகுதி வரைபடமும் ஒரு திசைகாட்டியும் பையில் நிரந்தரமாக இருக்கின்றன. ஒரு விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊத வேண்டும். கைப்பேசி வேலை செய்தால் 999 அழைத்து முதலில் காவல்துறையைக் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். சாப்பாட்டை, தூக்கத்தை விட்டுவிட்டு வரும் தன்னார்வலர்கள் அவர்கள். ஒரு பைசா வாங்க மாட்டார்கள். காசில்டன் கடைகளில் அவர்களுக்கான உண்டியலைப் பார்த்தால் போடாமல் வராதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்?
– பல வாசகர்கள்

ஆகஸ்டில் ஹெதர் செடி பூத்து எதிர்மலை ஊதாவாக இருக்கும். பெரும்பாலானோர் அதற்குத்தான் வருவார்கள், கூட்டமும் அதிகம். எனக்குப் பிடித்தது ஏப்ரல். வானம்பாடி நேராக மேலே ஏறிக்கொண்டே பாடும். நீண்டு வளைந்த மூக்கோடு கர்லூ என்ற பறவை மேட்டுநிலத்துக்கு முட்டையிட வரும்; அதன் குரல் குமிழ் குமிழாகக் கொப்பளித்து எழும்.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால், இலையுதிர்காலத்தில் காற்றில்லாத, குளிர்ந்த, தெளிவான இரவுக்கு மறுநாள் விடியலில் போங்கள். அப்போது குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிட, மேகம் முழுக்க உங்கள் காலுக்குக் கீழே கிடக்கும். போன அக்டோபரில் ஆறே முக்காலுக்கு உச்சியில் இருந்தேன். காசில்டன் இல்லை, ஹோப் இல்லை, வெள்ளை மட்டும். சிமென்ட் ஆலையின் புகைபோக்கி ஒன்று மட்டும் அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. என்னைத் தவிர ஐந்தாறு பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. கீழே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது, அதற்கு ஒரு ஆள் அதட்டியது, படல் மூடிய சத்தம், எல்லாம் பக்கத்தில் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்டது. எட்டரை மணிக்கு வெயில் ஏறி முதலில் தேவாலயக் கோபுரம் தெரிந்தது, அப்புறம் கூரைகள். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டேன்.